ஒரு கேபிள் தொலைந்தால் ஹோம் தியேட்டரே குப்பையா? பழைய செட்டுக்கு வயர் கிடைக்காத சிக்கல்... என்ன வழி, சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்பீக்கர் நல்லா இருக்கு. ஆம்ப்ளிஃபயர் ஆன் ஆகுது. ரிமோட்கூட பத்திரமா இருக்கு. ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. காரணம், வீடு மாறும்போது ஒரே ஒரு கேபிள் காணாமல் போய்விட்டது. கடையில் கேட்டால், "அந்த கம்பெனி வயர்தான் சார் போடணும், இப்ப அது வர்றதில்லை" என்கிறார்கள்.

2000-களின் தொடக்கத்தில் இருந்து 2010-களின் நடுப்பகுதி வரை ஹோம் தியேட்டர் வாங்கிய பல வீடுகளில் இதே கதைதான். டிவிடி பிளேயர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர் என ஒரே பெட்டியில் வந்த செட்டுகள் இன்று பரணில் தூங்குகின்றன. பழுதானதால் அல்ல, பொருத்துவதற்கு வயர் இல்லாததால்.

கேபிள்தானே, அதுல என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் வாங்கிய பொருளை ரிப்பேர் செய்யும் உரிமை யாருக்கு என்று இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா என எல்லா இடங்களிலும் நடக்கும் விவாதத்தின் சின்ன வடிவம்தான் இது.

எந்த கேபிள் பிரச்னை, எது பிரச்னை இல்லை?

ஹோம் தியேட்டரின் பின்பக்கம் உள்ள எல்லா வயரும் தனி ரகம் கிடையாது. சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ வயர், ஹெச்டிஎம்ஐ, ஆப்டிகல் கேபிள் எல்லாம் உலகம் முழுக்க ஒரே அளவு. எந்த கடையிலும், எந்த பிராண்டிலும் வாங்கலாம்.

சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. முதலாவது, ஸ்பீக்கருக்குப் போகும் வயர். வயர் சாதாரணமானது, ஆனால் அதன் முனையில் அந்த நிறுவனத்துக்கே உரிய பிளாஸ்டிக் பிளக் இருக்கும்.

இரண்டாவது, கன்ட்ரோல் யூனிட்டையும் சப் ஊஃபர் பெட்டியையும் இணைக்கும் பல பின் கேபிள். இதுதான் உண்மையான தலைவலி. பல மாடல்களில் ஆம்ப்ளிஃபயர் சப் ஊஃபர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். டிவி பக்கத்தில் வைக்கும் சின்ன பெட்டி கட்டளை கொடுக்க மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் ஆடியோ, கட்டளை, சில மாடல்களில் மின்சாரமும் இந்த ஒரே கேபிளில் போகும். அது இல்லையென்றால் செட் ஆன்கூட ஆகாது.

நிறுவனங்கள் ஏன் தனி பிளக் வைத்தன?

"நம்ம கிட்டயே வாங்கணும்னுதான்" என்பது பொதுவான கோபம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மையும் அது மட்டுமல்ல.

ஒன்று, வசதி. பச்சை பிளக்கை பச்சை ஓட்டையில் சொருகினால் வேலை முடிந்தது. பிளஸ், மைனஸ் மாற்றிப் போட வழியே இல்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டாம்.

இரண்டு, பாதுகாப்பு. பெட்டியோடு வரும் ஸ்பீக்கர்கள் பல 3 ஓம், 4 ஓம், 6 ஓம் என்று அந்த ஆம்ப்ளிஃபயருக்காகவே அளவெடுத்துச் செய்யப்பட்டவை. வேறு ஸ்பீக்கரை மாட்டி ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோவதை தனி பிளக் ஓரளவு தடுக்கும்.

மூன்று, செலவும் இடமும். ஸ்க்ரூ வைத்த தரமான முனையங்களைவிட பிளாஸ்டிக் பிளக் மலிவு.

இந்த மூன்று காரணங்களும் நியாயமானவைதான். ஆனால் அந்த பிளக்கில் எந்த பின் எதற்கு என்ற விவரத்தை வாங்கியவருக்குச் சொல்லாமல் விட இவற்றில் எதுவும் காரணமாகாது.

முதலில் என்ன பார்க்க வேண்டும்?

கடைக்குப் போகும் முன் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்வது நல்லது.

- மெயின் யூனிட், சப் ஊஃபர் இரண்டின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் நம்பர். பெட்டியின் முன்பக்கம் உள்ள பெயர் மட்டும் போதாது. முழுத் தொகுப்புக்கு ஒரு நம்பரும், உள்ளே உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு நம்பரும் இருக்கலாம்.
- பிளக் சொருகும் ஓட்டையின் தெளிவான போட்டோ. எத்தனை பின், எந்த வடிவம் என்பது தெரிய வேண்டும்.
- ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருக்கும் ஓம், வாட் அளவு.

அடுத்து, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல். இது வாங்கும்போது பெட்டியில் கொடுக்கும் யூசர் மேனுவல் அல்ல, மெக்கானிக்குகளுக்காக நிறுவனம் தயாரிப்பது. கேபிளின் பார்ட் நம்பரும், எந்த பின்னில் என்ன வருகிறது என்ற வரைபடமும் அதில்தான் இருக்கும். பார்ட் நம்பர் கையில் இருந்தால் பழைய ஸ்டாக் தேடுவது எளிது. ஒரே கேபிளை ஒரு நிறுவனம் பல மாடல்களுக்குப் பயன்படுத்தியிருக்கும் என்பதால், வேறு மாடல் பெயரில்கூட அது கிடைக்கலாம்.

ஸ்பீக்கர் வயர் என்றால் கவலை வேண்டாம்

தொலைந்தது ஸ்பீக்கர் வயர் என்றால் பெரும்பாலும் எளிதாகவே முடியும். பிளக் எந்த வடிவில் இருந்தாலும், உள்ளே இருப்பது இரண்டே இரண்டு செம்புக் கம்பிகள்தான்.

பழைய பிளக் ஒன்று கிடைத்தால், அதை நான்கு விரல் நீள வயரோடு வெட்டி, புது வயரை அதனுடன் இணைத்து இன்சுலேஷன் போட்டால் போதும். வீட்டு ஹாலின் தூரத்துக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். விலை உயர்ந்த 'ஸ்பெஷல்' வயர் தேவையில்லை.

பிளக்கே கிடைக்கவில்லையா? நல்ல டெக்னீஷியன் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைத் திறந்து, பழைய சாக்கெட்டை எடுத்துவிட்டு சாதாரண ஸ்ப்ரிங் கிளிப் முனையம் வைத்துவிடுவார். அதன் பிறகு எந்த வயரும் போடலாம். ஒருமுறை இதைச் செய்துவிட்டால் அந்த செட்டுக்கு இந்தப் பிரச்னை மறுபடியும் வராது.

எந்த பிளக் எந்த ஸ்பீக்கருக்கு என்ற குழப்பத்துக்கும் வழி இருக்கிறது. பல நிறுவனங்கள் ஒரே நிற முறையைப் பின்பற்றின. முன்பக்க இடது வெள்ளை, முன்பக்க வலது சிவப்பு, நடு ஸ்பீக்கர் பச்சை, பின்பக்க இடது நீலம், பின்பக்க வலது சாம்பல், சப் ஊஃபர் ஊதா.

பிளஸ், மைனஸ் தெரியவில்லை என்றால் பழைய மெக்கானிக்குகளின் உத்தி ஒன்று உண்டு. ஆம்ப்ளிஃபயரில் இருந்து ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை அதன் வயரில் ஒரு நொடி தொட வேண்டும். ஸ்பீக்கர் கோன் வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் மாற்றிக் கொடுத்தால் எதுவும் எரியாது. ஆனால் பேஸ் குறைந்து, சத்தம் வெறுமையாகக் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வகை செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த் கிடையாது. இரண்டு கம்பியிலும் சிக்னல் வரும். "மைனஸ் எல்லாம் ஒண்ணுதானே" என்று எல்லா மைனஸையும் ஒன்றாக முறுக்கிவிட்டால், அவுட்புட் ஐசி போய்விடும்.

ஒரே மாதிரி இருக்கே, சொருகிப் பார்க்கலாமா?

பல பின் கேபிளில் மக்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். வடிவம் ஒன்றாக இருப்பதால் உள்ளே ஓடுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

லாஜிடெக் நிறுவனத்தின் இசட் 906 என்ற 5.1 செட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் கன்ட்ரோல் பெட்டி, கம்ப்யூட்டர் மானிட்டரின் பழைய விஜிஏ கேபிள் போன்ற 15 பின் இணைப்பில் சப் ஊஃபரோடு சேர்கிறது. ஆனால் அதில் ஓடுவது வீடியோ அல்ல. எனவே அதை மானிட்டர் போர்ட்டில் சொருகக் கூடாது.

சரி, விஜிஏ எக்ஸ்டென்ஷன் வாங்கி நீட்டிக்கொள்ளலாமா? அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கடையில் கிடைக்கும் விஜிஏ கேபிள்கள் பலவற்றில் 9-வது பின்னே இருக்காது. சில கிரவுண்ட் பின்களை உள்ளுக்குள் ஒன்றாக இணைத்திருப்பார்கள். மானிட்டருக்கு அது போதும். 15 பின்னும் தனித்தனியாக வேண்டிய கருவிக்கு அது வேலை செய்யாது, சேதமும் செய்யலாம்.

வட்ட வடிவ டின் பிளக்கிலும் இதே கதைதான். கீபோர்டு இசைக்கருவிகளுக்கான 5 பின் மிடி கேபிளில் சிக்னலுக்கு வயர் போட்டிருப்பது நடுவில் உள்ள மூன்று பின்களுக்குத்தான். ஓரத்தில் உள்ள இரண்டும் பொதுவாகச் சும்மா இருக்கும். அதை ஹோம் தியேட்டரில் சொருகினால் பாதி வேலைதான் நடக்கும்.

இன்னும் சில செட்டுகளில் இன்டர்நெட் கேபிள் போன்ற சாக்கெட் இருக்கும். அதை ரவுட்டரில் சொருகினால் இரண்டு பக்கமும் ஆபத்து.

ஆகவே முதல் வேலை மல்டிமீட்டர் வைத்து சோதிப்பது. கிடைத்த கேபிளில் ஒரு முனையின் 1-வது பின் மறுமுனையின் 1-வது பின்னுக்கே போகிறதா, இல்லை மாறிப் போகிறதா, எந்த பின் இன்னொன்றோடு ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சர்வீஸ் மேனுவல் வரைபடத்தோடு அது ஒத்துப்போனால் மட்டுமே சொருகலாம். இதற்கு ஐந்து நிமிடம் போதும். அவசரப்பட்டால் நஷ்டம் முழு செட்.

புதிதாகச் செய்யச் சொன்னால், ஆடியோ போகும் கம்பிகளுக்கு ஷீல்டு உள்ள வயர் கேட்க வேண்டும். இல்லையென்றால் 'உம்ம்ம்' என்ற இரைச்சல் தங்கிவிடும். மின்சாரம் போகும் பின்களுக்கு மெல்லிய வயர் போடக் கூடாது.

எங்கே கிடைக்கும்?

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூருவில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லேமிங்டன் ரோடு. இந்தியாவில் பழைய எலெக்ட்ரானிக் பொருட்களின் உயிர் இதுபோன்ற தெருக்களில்தான் இருக்கிறது. கேபிளாக கிடைக்காவிட்டாலும், பிளக், சாக்கெட், ஷீல்டு வயர் தனித்தனியாகக் கிடைக்கும். சால்டரிங் தெரிந்தவர் இருந்தால் கேபிள் தயார்.

இன்னொரு வழி, அதே மாடலில் போர்டு போன செட்டை பழைய விலைக்கு வாங்குவது. ஒருவருக்கு ஆம்ப்ளிஃபயர் செத்திருக்கும், கேபிள் இருக்கும். இன்னொருவருக்கு நேர் எதிர்.

பிளக்கின் விவரம் வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்சன் நல்ல உதாரணம். அந்த நிறுவனத்தின் 'பவர்லிங்க்' இணைப்பும் தனி ரகம்தான், 8 பின் கொண்டது. ஆனால் எந்த பின் எதற்கு என்பது பரவலாகத் தெரிந்ததால், வெளி நிறுவனங்களே அந்த கேபிளைத் தயாரித்து விற்கின்றன. அதனால் பழைய செட் வைத்திருப்பவர்கள் வயருக்காக அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால்?

அப்போதும் ஸ்பீக்கர்களைத் தூக்கி எறிய வேண்டாம். சாதாரண ஸ்பீக்கருக்கு 'மூளை' கிடையாது. அது எந்த ஆம்ப்ளிஃபயரிலும் பாடும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3116 போன்ற சிப் வைத்த சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டுகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. புளூடூத்தோடும் வருகின்றன. முன்பக்க இரண்டு ஸ்பீக்கரை அதில் மாட்டினால் பாட்டு கேட்க, செய்தி பார்க்க போதும்.

ஓம் கணக்கு மட்டும் முக்கியம். 4 ஓமுக்குச் செய்த ஆம்ப்ளிஃபயரில் 8 ஓம் ஸ்பீக்கர் போட்டால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 8 ஓமுக்குச் செய்த ஆம்ப்ளிஃபயரில் 3 ஓம் ஸ்பீக்கர் போட்டால் அது சூடாகி எரியும்.

கேபிள் கிடைத்தாலும் இன்னொரு தடை வரலாம். புது டிவிகளில் பழைய சிவப்பு, வெள்ளை ஆடியோ அவுட்புட் பல நேரம் இருப்பதில்லை. ஆப்டிகல் மட்டும் இருக்கும், அல்லது ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி இருக்கும். ஏஆர்சி வசதி 2009-ல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4-ல்தான் அறிமுகமானது. எனவே அதற்கு முந்தைய செட்டுகளில் அது இருக்காது. ஆப்டிகலை ஆர்சிஏவாக மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். வாங்கியும் சத்தம் வரவில்லையா? டிவியின் ஆடியோ செட்டிங்கில் 'பிசிஎம்' என்று மாற்றிப் பாருங்கள். மலிவான கன்வெர்ட்டர்களுக்கு டால்பி சிக்னல் புரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பொருளை ரிப்பேர் செய்யும் உரிமை பற்றி மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதன் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டு டிசம்பர் 24-ம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கென தனி இணையதளமும் தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் தங்கள் மேனுவல், உதிரி பாகம், வாரண்டி விவரங்களை அங்கே ஒரே இடத்தில் தருவதுதான் நோக்கம்.

அடுத்த கட்டமாக, ஒரு பொருளை எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம் என்று மதிப்பெண் தரும் குறியீட்டுக்காக இன்னொரு குழு 2024-ல் அமைக்கப்பட்டு, 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. ஆனால் அது முதலில் எடுத்துக்கொண்டது ஸ்மார்ட்போனையும் டேப்லெட்டையும் மட்டும்தான்.

அதற்கு முன்பே ஒரு பெரிய வழக்கு நடந்தது. உதிரி பாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் பொருளை விற்ற பிறகும் அதன் விவரங்களைப் பூட்டி வைப்பது போட்டிச் சட்டப் பிரச்னையாகலாம் என்பதை அந்த உத்தரவு காட்டியது.

வெளிநாடுகளில் எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தில் மொபைல், டேப்லெட், கேமரா, ஹெட்போன், கையில் எடுத்துச் செல்லும் ஸ்பீக்கர் ஆகியவற்றுக்கு யுஎஸ்பி சி சார்ஜிங் 2024 டிசம்பர் 28 முதல் கட்டாயம். லேப்டாப்களுக்கான தேதி 2026 ஏப்ரல் 28. ஆப்பிள் நிறுவனம் 2023-ல் ஐபோன் 15-ல் தன் தனி பிளக்கைக் கைவிட்டதற்கு இந்தச் சட்டத்தின் அழுத்தமே முக்கியக் காரணம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள அந்தச் சட்டப்படி, 100 டாலர் அல்லது அதற்கு மேல் விலையுள்ள எலெக்ட்ரானிக் பொருளுக்கு, அந்த மாடலின் கடைசி உற்பத்திக்குப் பிறகு 7 ஆண்டுகள் உதிரி பாகமும் ரிப்பேர் விவரமும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது 2021 ஜூலைக்குப் பிறகு வந்த பொருட்களுக்கு மட்டும். 2008-ல் வாங்கிய செட்டுக்கு அங்கேயும் அந்தச் சட்டம் உதவாது. ரிப்பேர் சட்டங்கள் பெரும்பாலும் இனி வரப்போகும் பொருளைத்தான் பார்க்கின்றன. பரணில் ஏற்கெனவே இருக்கும் பொருள் யார் கணக்கிலும் இல்லை.

குப்பைப் பட்டியலில் உண்டு, ரிப்பேர் பட்டியலில் இல்லை

2022-ல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானதாக ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே.

இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலில் ஆடியோ ஆம்ப்ளிஃபயர், ஒலியைப் பதிவு செய்யும் மற்றும் ஒலிக்கச் செய்யும் கருவிகள் எல்லாம் இருக்கின்றன. அதாவது, குப்பையான பிறகு அவற்றை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. ஆனால் குப்பையாகாமல் தடுக்கும் ரிப்பேர் மதிப்பெண் முறையில் அவற்றுக்கு இன்னும் இடமில்லை.

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. 15 வருடம் பழைய கேபிளை இன்றும் தயாரித்து விற்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் எந்த பின்னில் என்ன ஓடுகிறது என்ற ஒரு பக்க வரைபடத்தை இணையதளத்தில் போட எந்தச் செலவும் இல்லை. அது இருந்தால் மீதியை ரிச்சி ஸ்ட்ரீட் பார்த்துக்கொள்ளும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

உதிரி பாகம் தருவதாகச் சொல்லி விற்றுவிட்டு, வாரண்டி காலத்திலேயே இல்லை என்று கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். வாரண்டி முடிந்த பழைய செட்டுக்கு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேபிளைக் கேட்பதோடு நிறுத்தாமல், பார்ட் நம்பரையும் பின் வரைபடத்தையும் எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் கடையிலேயே பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் முனையம் சாதாரண வயர் ஏற்கும் வகையா, தனி பிளக்கா? தனி பிளக் என்றால், உபரி கேபிள் தனியாக விற்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

வீடு மாறுகிறீர்கள் என்றால், கழற்றும் முன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுங்கள். எல்லா வயரையும் ஒரே கவரில் போட்டு சப் ஊஃபரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். போகிக்குப் பழையதைக் கழிக்கும்போது, எந்த செட்டின் வயர் என்று தெரியாத கேபிளை மட்டும் உடனே தூக்கிப் போட வேண்டாம். பரணில் இருக்கும் ஹோம் தியேட்டர் அதற்காகத்தான் காத்திருக்கலாம்.